ஜப்பான் ஒல்லாந்தரை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

கேள்வி இதுதான்: ஐரோப்பியர் அனைவரையும் வெளியேற்றிய ஜப்பான், ஒல்லாந்தரை (டச்சுக்காரரை) மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நாகசாகியில் இருக்கவிட்டது ஏன்? அவர்கள் மதம் பரப்பவில்லை என்பது மட்டும்தானா காரணம்? அந்தப் பழைய உறவுக்கும் இன்றைய நெதர்லாந்து–ஜப்பான் உறவுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

மதம் பரப்பாதது இன்றியமையாத நிபந்தனை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் வரலாறு பொருந்தி வராது. ஆங்கிலேயரும் ஜப்பானில் மதம் பரப்பவில்லை. 1613இல் ஹிராடோத் துறைமுகத்தில் பண்டகசாலை திறந்த அவர்கள், இலாபம் இல்லையென்று 1623இல் தாங்களாகவே மூடிவிட்டுப் போனார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே, ஒல்லாந்தர் மட்டும் நிலைத்ததற்கு வேறு காரணங்களையும் தேட வேண்டியிருக்கிறது. என் கருத்தில் அவற்றுள் முதன்மையானது, ஜப்பான் அந்த இருநூறு ஆண்டுகளும் நெதர்லாந்து என்ற நாட்டோடு உறவு வைத்திருக்கவில்லை, ஒரு வணிகக் கம்பெனியோடுதான் உறவு வைத்திருந்தது என்பதே. ஓர் அரசு தன் மதிப்பைக் கருதி ஏற்க மறுத்திருக்கும் நிபந்தனைகளை, இலாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஜப்பானுக்கும் அதுவே வசதியாக இருந்தது.

தொடக்கம் தற்செயலானது. 1598இல் ரோட்டர்டாமிலிருந்து புறப்பட்ட ஐந்து கப்பல்களில் 'லீஃப்டே' என்ற ஒன்று மட்டும் 1600 ஏப்ரலில், பசியாலும் நோயாலும் குற்றுயிராய்க் கிடந்த இருபத்துச் சொச்சம் பேருடன், க்யூஷூ தீவின் கரையை அடைந்தது. அதன் பின்புறத்தை அலங்கரித்த எராஸ்மஸ் என்னும் டச்சு அறிஞரின் மரச்சிலை, எப்படியோ ஒரு பௌத்தக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, பல தலைமுறைகள் அங்கேயே இருந்து, இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலில் வந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸ், விரைவிலேயே ஷோகுன் (பேரரசரின் பெயரால் நாட்டை உண்மையில் ஆளும் படைத்தலைவர்) ஆகவிருந்த தொக்குகாவா இயேயாசுவுக்கு ஆலோசகரானார். போர்த்துக்கீசியர் சொல்வது மட்டுமே ஐரோப்பாவைப் பற்றிய உண்மை அல்ல என்பதை இயேயாசு அறிந்துகொண்டது அவர் வாயிலாகத்தான்.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. அதன் கப்பல்கள் இரண்டு 1609இல் ஹிராடோவை அடைந்தன. மக்காவிலிருந்து வரும் போர்த்துக்கீசியச் சரக்குக் கப்பலைக் கொள்ளையிடக் காத்திருந்து, அதைத் தவறவிட்ட பின்னரே அவை அங்கே போயின என்பதைக் குறிப்பிட வேண்டும். இளவரசர் மாரிட்ஸின் கடிதம் ஒன்றையும் அவர்கள் எடுத்துச் சென்றிருந்தார்கள். மாரிட்ஸ் அரசர் அல்லர். ஒல்லாந்து அப்போது குடியரசு. ஆனாலும் ஜப்பானியருக்கு அவர் 'ஒல்லாந்து அரசர்' என்றே அறிமுகமானார். டச்சுக் கப்பல்கள் எந்தத் துறையிலும் தடையின்றி இறங்கலாம் என்று இயேயாசு சிவப்பு முத்திரையிட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு இன்றும் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அந்தச் சீட்டு தந்த துணிச்சல் நீண்ட நாள் நிற்கவில்லை. 1624இல் கம்பெனி தைவானில் கோட்டை கட்டி, அங்கே வரும் ஜப்பானிய வணிகரிடமும் வரி கேட்டது. தைவான் ஆளுநராக நியமிக்கப்பட்ட பீட்டர் நாய்ட்ஸ் 1627இல் தூதராக எடோவுக்குப் போனார். (எடோ என்பது இன்றைய தோக்கியோ.) அவரை அனுப்பியது அரசரா, அல்லது பத்தாவியாவிலிருக்கும் (இன்றைய ஜகார்த்தா) கம்பெனி அதிகாரியா என்று ஷோகுனின் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். கம்பெனிதான் என்று தெரிந்ததும், ஷோகுனைக் காண விடாமலேயே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில் அவர் அடுத்த ஆண்டு தைவானுக்கு வந்த ஜப்பானியக் கப்பலின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய, கப்பல் தலைவர் ஹமாதா யாஹேயும் அவர் ஆட்களும் ஆளுநரை அவருடைய வீட்டிலேயே பிணையாகப் பிடித்துவிட்டார்கள். ஹிராடோ வணிகம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. இறுதியில், 1632இல், பத்தாவியா நிர்வாகம் தன் சொந்த ஆளுநரையே ஜப்பானிடம் ஒப்படைத்தது. அவர் 1636 வரை காவலில் இருந்தார். அவரது விடுதலையோடு சேர்த்துப் பேசப்படும் பித்தளைச் சரவிளக்கு, கம்பெனியின் காணிக்கையாக, நிக்கோவில் இயேயாசுவின் சமாதிக் கோயிலில் இன்றும் தொங்குகிறது.

ஓர் அரசு தன் ஆளுநரை இப்படி அயலாரிடம் ஒப்படைத்திருக்குமா என்று எண்ணிப் பார்த்தால், கம்பெனிக்கும் அரசுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். பத்தாவியாவின் கணக்கு எளிது: ஒரு மனிதருக்கு எதிரே ஜப்பானின் வெள்ளி.

மதத்தின் பங்கு பெரிதாவது இதற்குப் பின்னர்தான். 1637–38இல் ஷிமபாராவில் நடந்த உழவர் கிளர்ச்சியில் கத்தோலிக்கர் பெருமளவில் இருந்தார்கள். ஹாரா கோட்டையில் அடைந்துகொண்ட அவர்கள்மீது கடலிலிருந்து குண்டு வீசும்படி கேட்டபோது, ஹிராடோ பண்டகசாலைத் தலைவர் கூக்கெபாக்கர் கப்பலொன்றை அனுப்பி, இரண்டு வாரம்போல் குண்டு வீசச் செய்தார். கிறிஸ்தவர்மீது கிறிஸ்தவர் குண்டு வீசியது ஐரோப்பாவில் நெடுங்காலம் பழிக்கப்பட்டது. எடோவிலோ அது விசுவாசத்துக்குச் சான்றானது. 1639இல் போர்த்துக்கீசியர் முற்றாக விலக்கப்பட்டார்கள். தடையை நீக்கும்படி வேண்டிக்கொள்ள மக்காவிலிருந்து 1640இல் வந்த தூதுக் குழுவில் 61 பேர் நாகசாகியில் தலை துண்டிக்கப்பட்டார்கள்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹிராடோவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனி அங்கே புதிதாகக் கட்டியிருந்த கல் பண்டகசாலையின் முகப்பில், டச்சு வழக்கப்படி, கட்டிய ஆண்டான 1639 பொறிக்கப்பட்டிருந்தது. ஷோகுனின் ஆணையாளர் இனோவே மாசாஷிகே வந்து, அது கிறிஸ்து பிறப்பிலிருந்து கணக்கிடும் ஆண்டு என்பதைச் சுட்டிக்காட்டி, கட்டடங்களை இடித்துத் தள்ளும்படி உத்தரவிட்டார். பண்டகசாலைத் தலைவர் பிரான்சுவா கரோன் இருபது ஆண்டுகளாக ஜப்பானில் இருந்தவர், மொழியறிந்தவர். அவர் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. ஆணைப்படியே செய்கிறோம் என்று சொல்லி, உடனே ஆட்களை வரவழைத்துச் சரக்கை வெளியேற்றி, இடிப்பு வேலையைத் தொடங்கிவிட்டார். மறுத்திருந்தால் அவ்விடத்திலேயே வெட்டிப் போட ஆட்கள் ஆயத்தமாக நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. கட்டடம் புதியது, செலவு பெரியது, குற்றச்சாட்டோ வெறும் சாக்கு. அதைக் கரோன் அறியாதவர் அல்லர். கட்டடத்தைக் கொடுத்து வணிகத்தைக் காத்துக்கொண்டார். (2011இல் அந்தப் பண்டகசாலையை ஹிராடோவில் பழைய வடிவிலேயே, 1639 என்ற எண்ணோடு, மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.)

1641இல் ஒல்லாந்தர் நாகசாகித் துறைமுகத்திலுள்ள தெஜிமாவுக்கு மாற்றப்பட்டார்கள். போர்த்துக்கீசியரை அடைத்து வைப்பதற்காக, நகரத்து வணிகர் இருபத்தைந்து பேரின் பணத்தில், கடலை நிரப்பி எழுப்பிய விசிறி வடிவத் திட்டு அது. பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர். நான்கு ஏக்கருக்கும் குறைவு. ஆண்டு வாடகை 55 கான் எடை வெள்ளி, அதாவது இருநூறு கிலோவுக்கும் சற்று அதிகம். கரையோடு இணைக்கும் ஒரே பாலத்தில் காவல். கப்பல் இல்லாத மாதங்களில் அங்கே இருந்த ஐரோப்பியர் பத்துப் பதினைந்து பேர்தாம். அவர்களோடு ஆசியாவின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள் என்பதைப் பல நூல்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அனுமதியின்றி வெளியே போக முடியாது. வெளிப்படையாக வழிபட முடியாது. தலைவரை ஆண்டுதோறும் மாற்றியாக வேண்டும். குடும்பத்துக்கும் இடமில்லை. 1817இல் தலைவராக வந்த யான் கொக் பிளோம்ஹோஃப் தம் மனைவி டிட்டியாவையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்தார். சில மாதங்களில் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கணவரை மீண்டும் காணாமலேயே 1821இல் டிட்டியா இறந்துபோனார். அதற்குள் நாகசாகி ஓவியர்கள் அந்த ஐரோப்பியப் பெண்ணை வரைந்து தள்ளிவிட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கம்பெனிக்கு என்ன கிடைத்தது? விடையின் ஒரு பகுதி நம் கடற்கரையில் இருக்கிறது.

ஐரோப்பாவில் விளைந்த எதையும் ஜப்பான் பெரிதாக விரும்பவில்லை. அது விரும்பியது சீனப் பட்டு நூல். அதைக் கம்பெனி தைவானிலும், தொன்கினிலும் (இன்றைய வட வியட்நாம்), பின்னர் வங்காளத்திலும் திரட்டியது. சயாமிலிருந்து மான் தோல், ஜாவாவிலிருந்து சர்க்கரை, சோழமண்டலக் கரையிலிருந்து பருத்தித் துணி ஆகியவையும் அதே கப்பல்களில் போயின. ஈடாக வந்தது முதலில் வெள்ளி, அடுத்துப் பொன், இறுதியில் செம்பு. இந்த உலோகங்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகவில்லை. பெரும்பகுதி ஆசியாவுக்குள்ளேயே சுழன்றது. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்கே செல்லுபடியான பொருள் இந்தியத் துணிதான். அந்தத் துணியைப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் மசூலிப்பட்டினத்திலும் வாங்கப் பொன்னும் வெள்ளியும் வேண்டும். அதைக் கொடுத்தது நாகசாகி. ஜப்பானிய உலோகம் இல்லாமற் போயிருந்தால் அத்தனையையும் ஐரோப்பாவிலிருந்தே கப்பலேற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஷோகுன் ஆட்சி 1668இல் ஒல்லாந்தர் வெள்ளி கொண்டுபோவதைத் தடுத்தபோது, கம்பெனி கோபான் என்ற பொற்காசுகளுக்கு மாறியது. அந்தப் பொன் சோழமண்டலத்தில் துணிக் கொள்முதலுக்குப் பெருமளவில் பயன்பட்டது. 1695இல் எடோ அரசு காசில் பொன்னின் அளவைக் குறைத்து, பெயரளவு மதிப்பை மட்டும் மாற்றாமல் வைத்ததும் அந்த இலாபம் சரிந்தது. ஜப்பானிய நாணயச்சாலையில் செய்த கலப்படம் பழவேற்காட்டுக் கணக்குப் புத்தகத்தில் நட்டமாகத் தெரிந்தது என்று சொல்லலாம். அதன் பின்னர் எஞ்சியது செம்பு. ஒசாக்காவில் விரல் தடிமனில் கம்பிகளாக வார்த்து, மரப்பெட்டிகளில் அடுக்கி அனுப்பிய அந்தச் செம்பு, சோழமண்டலத்திலும் வங்காளத்திலும் சூரத்திலும் நல்ல விலைக்குப் போனது; பாத்திரமாகவும் சில்லறைக் காசாகவும் ஆனது.

எதிர்த்திசையில் போன துணிக்கும் ஒரு வாழ்வு உண்டு. சாந்தோம் பெயரால் 'சாந்தோமே' என்றே ஜப்பானில் வழங்கிய கோடு போட்ட மெல்லிய பருத்தித் துணி, எடோ நகரத்து வசதியான வணிகர்களின் விருப்பத்துக்குரியதாயிற்று. பட்டு உடுத்தச் சட்டம் தடுத்த வகுப்பாருக்கு, பகட்டில்லாமல் பகட்டுக் காட்ட அது உதவியது. பின்னர் ஜப்பானிய நெசவாளர்களே அதைப் போன்று நெய்யத் தொடங்கினார்கள். கவாகோயே ஊரில் அந்த மரபு நெடுங்காலம் நீடித்தது.

கட்டுப்பாடுகளோ ஆண்டுக்கு ஆண்டு இறுகின. 1685இல் ஒல்லாந்தரின் ஆண்டு வணிகத்துக்கு 3,400 கான் வெள்ளி என்று வரம்பு வைக்கப்பட்டது. 1715இல் ஷோகுனின் ஆலோசகர் அராய் ஹாக்குசெக்கியின் சீர்திருத்தம் அதை ஆண்டுக்கு இரண்டு கப்பல், 3,000 கான் என்று குறைத்தது. 1790இல் ஒரு கப்பல், 700 கான் என்றானது. நாகசாகிக்கு வந்த சீன வணிகருக்கு 1685, 1715 விதிகள் அளித்த பங்கு ஏறத்தாழ இரு மடங்கு. 'மூடிய ஜப்பானின் ஒரே சாளரம் தெஜிமா' என்ற சொல்வழக்கு ஐரோப்பியர் தங்களை மையமாக வைத்து எழுதியது. சீனக் கப்பல்கள் அதே நாகசாகிக்கு அதிக எண்ணிக்கையில் வந்தன. கொரியாவோடு சுஷிமா வழியாகவும், ரியூக்கியூவோடு (இன்றைய ஒக்கினாவா) சட்சுமா வழியாகவும், ஐனு மக்களோடு வடக்கே மட்சுமாயே வழியாகவும் வணிகம் நடந்தது.

அப்படியானால் ஜப்பானுக்கு ஒல்லாந்தர் எதற்கு? பட்டைச் சீனரே கொண்டுவந்தார்கள். சீனரால் தர முடியாத ஒன்று ஐரோப்பாவைப் பற்றிய செய்தி. ஒவ்வோர் ஆண்டும் கப்பல் வந்தவுடன், அதன் தலைவரும் தெஜிமாத் தலைவரும் உலக நடப்பைச் சொல்ல, பரம்பரை மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஜப்பானிய மொழியில் எழுதி எடோவுக்கு அனுப்ப வேண்டும். வாடகையைப் போலவே இதுவும் கட்டாயம். செய்தி சொல்பவன் தன் நலனையும் சேர்த்தே சொல்வான் என்பதை 1673 காட்டுகிறது. அவ்வாண்டு 'ரிட்டர்ன்' என்ற ஆங்கிலக் கப்பல் நாகசாகிக்கு வந்து பழைய வணிகத்தைத் தொடர அனுமதி கேட்டது. ஆங்கில அரசர் இரண்டாம் சார்லஸ் போர்த்துக்கல் இளவரசியை மணந்திருக்கிறார் என்ற தகவலை ஒல்லாந்தர் முன்பே எடோவுக்குச் சொல்லியிருந்தார்கள். நாகசாகி அதிகாரிகள் கப்பல் தலைவரிடம் அதைத்தான் முதலில் விசாரித்தார்கள். ஆம் என்றதும் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். போட்டியாளரை விலக்க ஒரு குண்டும் செலவாகவில்லை.

இதே உத்தி பின்னாளில் அவர்களுக்கே சங்கடமானது. 1795இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தை வென்றது. 1799 இறுதியில் கம்பெனியே கலைந்தது. 1810இல் நாடு பிரான்சோடு இணைக்கப்பட்டது. ஒல்லாந்து என்ற நாடே இல்லாத அந்த ஆண்டுகளில் தெஜிமாவில் அதன் கொடி பறந்துகொண்டிருந்தது. இடைக்காலத்தில் அமெரிக்கக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி, டச்சுக் கொடி ஏற்றி அனுப்பினார்கள். 1808இல் 'ஃபேட்டன்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் அதே தந்திரத்தைக் கையாண்டது: டச்சுக் கொடியோடு துறைமுகத்துக்குள் நுழைந்து, வரவேற்கப் போன எழுத்தர் இருவரைப் பிடித்துவைத்து, உணவும் தண்ணீரும் பெற்றுக்கொண்டு போனது. காவலுக்கு ஆயிரம் பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நூற்றுச் சொச்சம் பேரே இருந்தார்கள். நாகசாகி ஆளுநர் மட்சுதைரா யாசுஹிதே அதற்குப் பொறுப்பேற்று வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். ஜாவாவைப் பிடித்த ஆங்கிலேயரின் துணைநிலை ஆளுநர் ராஃபிள்ஸ் 1813இலும் 1814இலும் தெஜிமாவைக் கைப்பற்றக் கப்பல் அனுப்பினார்; தெஜிமாத் தலைவர் ஹென்ட்ரிக் டூஃப் இருமுறையும் இணங்கவில்லை. நீங்கள் ஆங்கிலேயர் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபேட்டனுக்கான பழியை ஜப்பானியர் உங்களிடம் தீர்த்துக்கொள்வார்கள் என்பதே அவர் கையிலிருந்த ஒரே ஆயுதம். கப்பலே வராத ஆண்டுகளில் நாகசாகி அதிகாரிகள் கொடுத்த கடனில்தான் தெஜிமா பிழைத்தது.

மரியாதை நிமித்தமான பயணத்தையும் விட்டுவிட முடியாது. தெஜிமாத் தலைவர் ஆண்டுதோறும், 1790க்குப் பின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, எடோவுக்குப் போய் ஷோகுனுக்குக் காணிக்கை செலுத்த வேண்டும். 1691இல் அந்தக் குழுவில் போன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். பெயர் கூவப்பட்டதும் தலைவர் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து போய், நெற்றி தரையில் படும்படி வணங்கி, ஒரு சொல்லும் பேசாமல் நண்டுபோலப் பின்னோக்கித் தவழ்ந்து திரும்பினார். பின்னர் உள் மண்டபத்தில், மூங்கில் திரைக்குப் பின்னே ஷோகுன் ட்சுனயோஷியும் அந்தப்புரப் பெண்களும் பார்த்திருக்க, விருந்தினர் மேலங்கியைக் கழற்றவும், நடக்கவும், ஒருவரையொருவர் வணங்கவும், குடிகாரரைப் போல் நடிக்கவும், ஆடவும் கட்டளை வந்தது. கெம்ப்ஃபர் ஒரு ஜெர்மன் பாட்டுப் பாடினார். தலைவரை மட்டும் இந்தக் கூத்திலிருந்து விலக்கிவைத்தார்கள் என்பதையும் அவர் குறிக்கிறார். அந்த அளவுக்கு அவருடைய பதவிக்கு மதிப்பு இருந்தது.

இதையெல்லாம் ஒல்லாந்தரின் பணிவுக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே கம்பெனிதான் 1621இல் ஜாதிக்காய்க்காகப் பண்டாத் தீவுகளின் மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றும் நாடுகடத்தியும் ஒழித்தது. 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து படைவலியால் பறித்தது. எதிரே இருப்பவர் பலத்தைப் பொறுத்து அதன் முகம் மாறியது. ஜப்பானில் அது எதிர்கொண்டது, உள்நாட்டுப் போர்களில் ஒரு நூற்றாண்டு பழகிய பெரும் படையைக் கொண்ட, ஒன்றுபட்ட அரசு.

அறிவுப் பரிமாற்றம் பலரும் எழுதியிருக்கும் பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன். 1771இல் எடோவில் ஓர் உடலறுப்பைப் பார்த்த சுகிதா கெம்பாக்குவும் மாயெனோ ரியோத்தாக்குவும், கையிலிருந்த டச்சு உடற்கூற்று நூலின் படங்கள் உள்ளுறுப்புகளோடு அப்படியே ஒத்துப்போவதைக் கண்டு, நண்பர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்து, 1774இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து டச்சு மொழிவழிக் கல்வி ஒரு துறையாக வளர்ந்தது. 1823இல் வந்த மருத்துவர் சீபோல்ட் பலருக்குக் கற்பித்தார். தடைசெய்யப்பட்ட வரைபடங்களைப் பெற்றிருந்தது 1828இல் தெரியவந்து, மறு ஆண்டு வெளியேற்றப்பட்டார். அவரைவிடக் கடுமையாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவருக்கு உதவிய ஜப்பானியர்கள்.

அரசுக்கும் கம்பெனிக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்பட்டது 1844இல். சீனாவின் அபினிப் போர்த் தோல்வியைக் கண்ட நெதர்லாந்து அரசர் இரண்டாம் வில்லெம், அதே கதி ஜப்பானுக்கு வரும்முன் கதவைத் திறந்துவிடுமாறு ஷோகுனுக்குக் கடிதம் எழுதி, 'பலெம்பாங்' என்ற போர்க்கப்பலில் அனுப்பினார். நல்லெண்ணக் கடிதம்தான், அதில் தன்னலமும் இருந்தது. 1845இல் வந்த மறுமொழி மரியாதையானது, ஆனால் அசையாதது: ஜப்பான் தூதுறவு வைத்திருப்பது கொரியாவோடும் ரியூக்கியூவோடும் மட்டுமே, ஒல்லாந்தும் சீனாவும் வணிகம் செய்ய மட்டும் அனுமதிக்கப்பட்டவை, ஆகவே இனிமேல் இத்தகைய கடிதங்களை அனுப்ப வேண்டாம். இருநூறு ஆண்டு உறவின் உண்மையான தன்மையை எடோவே எழுத்தில் சொல்லிவிட்டது.

1852இல், அமெரிக்கப் படை அடுத்த ஆண்டு வரும் என்ற செய்தியையும் தெஜிமா முன்கூட்டியே கொடுத்தது. எடோ அதைக் கொண்டு பெரிதாக எதுவும் செய்யவில்லை. அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி 1853இல் வந்தார். அமெரிக்கா 1854 மார்ச்சிலும், பிரிட்டன் அதே ஆண்டு அக்டோபரிலும், ரஷ்யா 1855 தொடக்கத்திலும் ஒப்பந்தம் பெற்றன. இரு நூற்றாண்டுக்கு மேல் வாசலில் காத்திருந்த நெதர்லாந்துக்கு 1856 ஜனவரியில்தான் அது கிடைத்தது. 1855இல் நீராவிக் கப்பலொன்றைப் பரிசளித்து, நாகசாகியில் கடற்படைப் பயிற்சிக்கு ஆசிரியர்களை அனுப்பி, 1857இல் மருத்துவர் பொம்பே வாயிலாக முறையான மருத்துவக் கல்வியையும் தொடங்கி வைத்தார்கள். எனினும் காலம் மாறிவிட்டிருந்தது. டச்சு மொழியை வருந்திக் கற்ற ஃபுக்குசாவா யுகிச்சி 1859இல் புதிதாகத் திறந்த யோக்கோஹாமாவுக்குப் போனார். கடைப் பலகைகளைப் படிக்க முடியாமல் திரும்பிய அவர், உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். மெய்ஜி காலத்தில் (1868–1912) நெதர்லாந்துக்கு எஞ்சிய இடம் நீர்ப்பொறியியல். யோஹானிஸ் தெ ரைக்கே 1873 முதல் முப்பது ஆண்டுகள் ஜப்பானிய ஆறுகளைச் சீரமைப்பதில் பணியாற்றினார்.

இன்றைய உறவுக்கு வேர் தெஜிமாவில் இருக்கிறது என்று விழாக்களில் பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இடையில் 1940களைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்போது நிலைமை தலைகீழ். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் பெட்ரோலியத்துக்காக ஜப்பான் 1940இலும் 1941இலும் பத்தாவியாவுக்குப் பேச்சுக் குழுக்களை அனுப்பியது. கேட்ட அளவு கிடைக்காமல் 1941 ஜூனில் பேச்சு முறிந்தது, டிசம்பரில் போர், 1942 மார்ச்சில் டச்சுப் படை சரணடைந்தது. ஏறத்தாழ 40,000 டச்சுப் போர்வீரர்கள் சிறைப்பட்டார்கள். ஒரு இலட்சம்போல் குடிமக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பர்மா–சயாம் இரயில் பாதையில் அந்த வீரர்கள் மடிந்த அதே காடுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் அவர்களைக் காட்டிலும் பெரிய எண்ணிக்கையில் மடிந்தார்கள்.

ஜப்பானோடு போரை முறைப்படி முடித்த சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் நெதர்லாந்து கையெழுத்திடத் தயங்கியது. 1951இல் ஜப்பானியப் பிரதமர் யோஷிதாவுக்கும் டச்சு வெளியுறவு அமைச்சர் ஸ்டிக்கருக்கும் இடையிலான கடிதப் பரிமாற்றமே வழிவிட்டது. அதன்படி 1956இல் முகாம்களில் இருந்த குடிமக்களுக்காக ஒரு கோடி டாலர் தர ஜப்பான் ஒப்புக்கொண்டது. மனக்கசப்பு அதோடு தீரவில்லை. 1971இல் பேரரசர் ஹிரோஹிட்டோ ஹேக் வந்தபோது அவருடைய கார்மீது குடுவை எறியப்பட்டது. அரசி பியாட்ரிக்ஸ் 1986இல் ஜப்பானுக்குப் போகவிருந்த பயணம் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1991இல் அவர் போனபோது, விருந்து மேசையிலேயே போர்க்கால வேதனையைக் குறிப்பிட்டுப் பேசினார். 2000இல் உறவின் நானூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டபோது பேரரசர் அகிஹிட்டோ ஆம்ஸ்டர்டாம் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். போர்க்கால வேதனையை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் இந்த ஒழுங்கைத்தான் நான் இன்றைய தூதுறவின் அடித்தளமாகக் கருதுகிறேன்.

வணிகத்தில், சுங்கவரி பற்றிய பேச்சு இப்போது ஹேக் நகரத்தின் கையில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இரு நாடுகளும் நேரடியாகச் சந்திக்கும் இடம் கணினிச் சில்லுத் (சிப்) தொழில்தான். ஃபெல்ட்ஹோவனில் உள்ள ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் ஜப்பானின் நிக்கானையும் கேனனையும் முந்திக்கொண்டு, மிகக் குறுகிய அலைநீளப் புறஊதா ஒளியால் சில்லில் வடிவம் பதிக்கும் இயந்திரத்தை உலகிலேயே தனியாகச் செய்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தின் அருகிலேயே நின்று, சிலிக்கான் வில்லையில் ஒளியுணர் பூச்சை இட்டுக் கழுவும் கருவி பெரும்பாலும் தோக்கியோ எலக்ட்ரானுடையது. சீனாவுக்குச் செல்லும் உயர்நிலைக் கருவிகளைக் கட்டுப்படுத்த 2023 தொடக்கத்தில் அமெரிக்காவோடு இரு நாடுகளும் உடன்பட்டன. ஜப்பான் 23 வகைக் கருவிகளுக்கு அவ்வாண்டு ஜூலை 23 முதலும், நெதர்லாந்து செப்டம்பர் 1 முதலும் ஏற்றுமதி உரிமம் கட்டாயமென்று அறிவித்தன. இரு அறிவிப்புகளிலும் சீனாவின் பெயர் இல்லை. சீனா மட்டும் ஐயத்துக்கு இடம் வைக்காமல், சில்லுத் தயாரிப்புக்கு வேண்டிய காலியம், ஜெர்மேனியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு ஆகஸ்ட் 1 முதல் உரிமம் தேவை என்று அதே ஜூலையில் அறிவித்தது.